பெயரில்லாத அரை பிளேட் கேமரா: ஒரு நிகழ்வு ஆய்வு

கேமராவை என்னிடம் ஒப்படைத்த பெண்மணி, கூடவே ஒரு பித்தளை பாலிஷ் டப்பாவும் கொண்டுவந்திருந்தார். "துடைத்துப் பளபளவென்று ஆக்கிக் கொடுக்கலாம் என்றுதான் வாங்கினேன், நேரம் கிடைக்கவில்லை" என்றார். அவருக்கு நேரம் கிடைக்காமல் போனதற்கு இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன். அந்த பாலிஷ் ஒரு மணி நேரம் அதன் மேல் ஓடியிருந்தால், கீழே எழுதப்போவதில் பாதி அழிந்துபோயிருக்கும்.

அவர் கேட்டது இரண்டே கேள்விகள். இதைச் செய்தது யார்? எந்தக் காலத்தது?

மடித்த நிலையில் அது ஏறத்தாழ 23 சென்டிமீட்டர் சதுரமும் 8 சென்டிமீட்டர் கனமும் உள்ள செம்பழுப்பு மரப்பெட்டி. மேலே தோல் கைப்பிடி, பக்கங்களில் பித்தளை. விரித்தால் மெரூன் நிறத் தோல் துருத்தி, பின்னால் கிரவுண்ட் கிளாஸ் எனப்படும் தேய்த்த கண்ணாடி, முன்னால் பித்தளைக் குழாயில் லென்ஸ், அதன் மேல் செருகிய ஒரு மரப்பெட்டி ஷட்டர். தனியாக ஒரு தோல்பையில் பிளேட், அதாவது படம் பதியும் கண்ணாடித் தகடு, வைக்கும் மூன்று மரச்சட்டங்கள்; இவையே ஹோல்டர்கள். கேமராவின் உடலில் எங்கும் ஓர் எழுத்துகூட இல்லை. மொத்தத் தொகுதியிலும் ஷட்டரில் மட்டும் ஒரு பெயர் இருந்தது: தார்ன்டன்-பிக்கார்ட்.

அந்தக் குடும்பத்தில் இதைப் பற்றி இரண்டு செய்திகள் வழங்கிவந்தன. 1860-களைச் சேர்ந்த ஈரத்தகட்டு கேமரா, அதாவது ஈரம் காயாத கண்ணாடித் தகட்டில் படமெடுக்கும் வகை, என்பது ஒன்று. தார்ன்டன்-பிக்கார்ட் நிறுவனம் செய்தது என்பது மற்றொன்று. இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்க வழியில்லை. அந்த நிறுவனம் தொடங்கியதே 1888-இல்.

அளவு எங்கே எடுக்க வேண்டும்

பழைய பெரிய கேமராவைக் கையில் எடுக்கும் பலரும் முதலில் பெட்டியின் வெளிப்புறத்தை அளப்பார்கள், அல்லது தேய்த்த கண்ணாடியில் தெரியும் பரப்பை அளப்பார்கள். இரண்டுமே ஏமாற்றிவிடும். சட்டம் மறைக்கும் விளிம்பு கேமராவுக்குக் கேமரா மாறும். கண்ணாடி உடைந்து வேறு அளவில் மாற்றப்பட்டிருக்கலாம். அளக்க வேண்டிய இடம், பிளேட் ஹோல்டருக்குள் கண்ணாடித் தகடு உட்காரும் பள்ளம். அந்த அளவை யாரும் மனம்போனபடி மாற்ற முடியாது; கடையில் விற்ற தகடு அதில் பொருந்தியாக வேண்டும்.

இந்த ஹோல்டர்கள் புத்தகம்போல் கீலில் திறப்பவை. உள்ளே இரண்டு பக்கமும் ஒவ்வொரு தகடு, நடுவே கறுப்புப் பூச்சுள்ள மெல்லிய உலோகத் தகடு. வெளியே ஒவ்வொரு பக்கத்திலும் சிறு வெள்ளை வில்லையில் 1 முதல் 6 வரை எண். பள்ளத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்தேன்: 121 மில்லிமீட்டருக்கு 165.5 மில்லிமீட்டர். அங்குலத்தில் 4¾ × 6½. இது பிரிட்டிஷ் அரை பிளேட். அமெரிக்கர்கள் அரை பிளேட் என்று சொன்னது 4¼ × 5½ அங்குலத்தை. ஐரோப்பியக் கண்டத்தில் அருகிலுள்ள அளவு 13 × 18 சென்டிமீட்டர், அமெரிக்காவில் 5 × 7 அங்குலம். இரண்டுமே இந்தப் பள்ளத்தில் நுழையாது.

ஆனால் பிரிட்டிஷ் அளவு என்றதும் பிரிட்டனில் செய்தது என்று எழுதிவிடக் கூடாது. ஜப்பானில் 'கேபினெட்' என்று வழங்கிய அளவு 12 × 16.5 சென்டிமீட்டர், அதாவது நடைமுறையில் இதே தகடு. ஜப்பானியப் பட்டறைகளும் பெயர் பொறிக்காத மரக் கேமராக்களைச் செய்தன. இந்தியாவிலும் இதே அளவில், இதே சாயலில், தேக்கிலும் பித்தளையிலும் கேமராக்கள் 20-ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்டன. ஆலப்புழையின் வாகீஸ்வரி கேமரா அவற்றில் பெயர்பெற்றது. ஆகவே அளவு எனக்கு மூன்று கதவுகளைத் திறந்துவைத்தது. அமெரிக்காவும் பிரான்சும் ஜெர்மனியும் பெரும்பாலும் வெளியே போயின, அவ்வளவுதான்.

1860 என்ற ஆண்டையும் இதே ஹோல்டர்கள்தான் தள்ளிவிட்டன. ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851-இல் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டை வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, சொட்டச் சொட்ட ஹோல்டரில் வைப்பார்கள். அந்தத் திரவம் மரத்தில் ஊறிக் கருங்கறையாகிவிடும். எந்தத் தச்சனாலும் அதைச் சுரண்டி எடுக்க முடியாது. அதனால்தான் ஈரத்தகட்டு ஹோல்டர்களின் மூலைகளில் தகட்டைத் தாங்க வெள்ளிக் கம்பியோ கண்ணாடித் துண்டோ இருக்கும், அடியில் சொட்டு வடியும் பள்ளம் இருக்கும். இங்கே மூன்று ஹோல்டர்களையும் திறந்து விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன். மூலைகள் சாதாரண மரம். அடிப்பகுதியில் ஒரு புள்ளிக் கறைகூட இல்லை. இரண்டு தகடுகளை முதுகோடு முதுகாக அடைக்கும் இந்த அமைப்பே உலர்தகட்டுக்கானது. ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் ஜெலட்டின் உலர்தகட்டை அறிவித்தது 1871-இல். அது கடைகளில் பெட்டி பெட்டியாக விற்பனைக்கு வந்தது அந்தப் பத்தாண்டின் இறுதியில். பத்து நிமிடத்தில் 1860 முடிந்தது. அந்தப் பெண்மணிக்கு அதில் சிறு வருத்தம் உண்டு என்பது அவர் முகத்தில் தெரிந்தது. மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

ஷட்டரில் இருந்த பெயர்

"பெயர்தான் தெளிவாக இருக்கிறதே, அப்புறம் என்ன சந்தேகம்?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. இந்தத் துறையில் மிக அதிகமான பிழைகள் பிறப்பதும் இந்த ஒரு கேள்வியில்தான்.

தார்ன்டன்-பிக்கார்டின் உருளைத்திரை ஷட்டர் தனிப் பொருளாக விற்றது. சிறு மரப்பெட்டிக்குள் கறுப்புத் துணித்திரை, இரண்டு உருளைகள், ஒரு வில், இழுக்க ஒரு கயிறு. லென்ஸின் மூக்கில் செருகினால் போதும், எவர் செய்த கேமராவிலும் வேலை செய்யும். அதனால் அது கண்டவர் கேமராவிலெல்லாம் ஏறிக்கொண்டது. ஷட்டர் பெயரை வைத்துக் கேமராவுக்குப் பெயர் சூட்டுவது, மாட்டியிருக்கும் பூட்டைப் பார்த்துப் பெட்டி செய்த தச்சன் பெயரைச் சொல்வதற்குச் சமம்.

ஷட்டரைக் கழற்றியபோது, லென்ஸ் நுழையும் வட்டத்தின் உட்சுவரில் ஒரு அட்டைப் பட்டை ஒட்டியிருந்தது. பழைய அட்டை, மூன்று சுற்று, விளிம்பு கறுத்திருந்தது. துளை பெரிது, லென்ஸ் சிறிது. யாரோ ஒருவர் இடைவெளியை அடைத்துப் பொருத்தியிருக்கிறார். ஒன்றாக வாங்கிய ஜோடிக்கு இந்த அட்டை தேவைப்பட்டிருக்காது. ஷட்டரின் சிறு தகட்டில் ஆல்ட்ரிங்ஹாம் என்ற ஊர்ப்பெயரும் இருந்தது. மான்செஸ்டரிலிருந்து அந்த நிறுவனம் ஆல்ட்ரிங்ஹாமுக்கு இடம் மாறியது 1891-இல். ஆகவே ஷட்டர் 1891-க்குப் பிந்தியது. கேமராவைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

லென்ஸ்: பிரதிபலிப்புகளை எண்ணுதல்

லென்ஸிலும் பெயர் இல்லை. வளையத்தில் 4, 8, 16, 32, 64 என்ற எண்கள் மட்டும். பெயரில்லாத லென்ஸ் என்றால் பலரும் கைவிட்டுவிடுகிறார்கள். எனக்கு இந்தக் கட்டம்தான் மிகப் பிடித்தது, ஏனெனில் கண்ணாடி தன்னைப் பற்றித் தானே சொல்லும்.

அறையை இருட்டாக்கி, ஒரு சிறு விளக்கை லென்ஸின் முன் சற்றுச் சாய்வாகப் பிடித்தேன். கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பும் ஒரு பிரகாசமான ஒளிப்புள்ளியைத் திருப்பி அனுப்பும். இரண்டு கண்ணாடிகள் பிசினால் ஒட்டிய பரப்பிலிருந்து வரும் புள்ளி மிக மங்கலாக இருக்கும். முன் தொகுதியில் இரண்டு பிரகாசம், ஒரு மங்கல். பின் தொகுதியைக் கழற்றிப் பார்த்தேன்: அங்கும் அதே. ஆக, ஒட்டிய இரட்டைக் கண்ணாடி முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவே துவாரம், இருபுறமும் சமச்சீர். இது 'ரேபிட் ரெக்டிலீனியர்' வகை. லண்டனில் டல்மேயரும் மியூனிக்கில் ஸ்டைன்ஹைலும் 1866-இல் தனித்தனியே கொண்டுவந்த அமைப்பு. ஸ்டைன்ஹைல் அதை 'அப்ளனாட்' என்று அழைத்தார். 1892-இன் டேகோர் லென்ஸாக இருந்திருந்தால் ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு மங்கல் புள்ளிகள் தெரியும். 1902-இன் டெஸ்ஸாராக இருந்தால் பிரகாசமான புள்ளிகளே ஆறு இருக்கும்.

அடுத்தது அந்த எண்கள். இன்றைய பழக்கத்தில் 4 என்றால் எஃப் 4 என்று படிக்கத் தோன்றும், அதாவது குவியத் தூரம் துவாரத்தின் விட்டத்தைப்போல் நான்கு மடங்கு. தொலைவிலுள்ள ஒரு கட்டடத்தைத் தேய்த்த கண்ணாடியில் குவித்து, நடுத் துவாரத்திலிருந்து கண்ணாடிவரை அளந்தேன். சமச்சீர் லென்ஸில் இது குவியத் தூரத்துக்கு மிக நெருங்கிய அளவு. 205 மில்லிமீட்டர் வந்தது, ஏறத்தாழ 8 அங்குலம். 4-இல் வைத்து முன்னாலிருந்து தெரியும் துவாரத்தின் விட்டம் 25.5 மில்லிமீட்டர். 205-ஐ 25.5-ஆல் வகுத்தால் 8. எஃப் 4 ஆக இருந்திருந்தால் துவாரம் 51 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இந்தக் குழாயே அவ்வளவு அகலம் இல்லை. ஆக, இவை பிரிட்டனின் புகைப்படச் சங்கம் 1881-இல் வகுத்த 'யூனிஃபார்ம் சிஸ்டம்' எண்கள். அந்த முறையில் 4 என்பது எஃப் 8, 8 என்பது எஃப் 11. 16 மட்டும் இரண்டு முறையிலும் ஒன்றே. 32 என்பது எஃப் 22, 64 என்பது எஃப் 32.

எனவே லென்ஸ் 1881-க்குப் பிந்தியது. மேல் எல்லை தளர்வானது, ஏனெனில் அமெரிக்காவில் கோடாக் இந்த எண்களை 20-ஆம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் வைத்திருந்தது. அரை பிளேட்டின் மூலைவிட்டம் 204 மில்லிமீட்டர். லென்ஸின் குவியத் தூரமும் அதுவே. இந்த அளவுத் தகட்டுக்கென்றே தேர்ந்த லென்ஸ். ஆனால் இந்தக் கேமராவுக்கென்று தேர்ந்ததா என்பது வேறு கேள்வி. அதற்கான விடை லென்ஸ் பலகையின் முதுகில் இருந்தது, பிறகு வருகிறேன்.

உடலின் கட்டமைப்பு

அரை பிளேட் மரக் கேமராக்களைப் பெரும்பாலும் இரண்டு குடும்பங்களாகப் பிரிக்கலாம். ஒன்றில் லென்ஸ் இருக்கும் முன்பக்கம் அசையாது. பின்பக்கம் முன்னும் பின்னும் நகர்ந்து குவிக்கும். அடிப்பலகை பின்னாலிருந்து மடிந்து தேய்த்த கண்ணாடியை மூடிக்கொள்ளும். மற்றொன்றில் பின்சட்டம் நிலையாக நிற்க, முன்சட்டம் பல்சட்டத்தின் மேல் நகரும். மடிக்கும்போது முன்சட்டம் படிந்துகொள்ள, அடிப்பலகை மேலே மடிந்து துருத்தியைக் காக்கும். இரண்டாவது குடும்பத்தின் தாய்வடிவம் லண்டனின் ஜார்ஜ் ஹேர் 1882-இல் காப்புரிமை பெற்றது. எடை குறைவு, மடிப்பது எளிது. அதன் சாயலைப் பிரிட்டனில் ஏறக்குறைய எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

நம் கேமரா ஹேர் சாயல். துருத்தி முன்னோக்கிக் கூம்புவது, 1857-இல் கின்னியர் அறிமுகப்படுத்திய வழியில். பின்சட்டம் கழற்றி நெடுக்கையாகவோ கிடக்கையாகவோ மாற்றிப் பொருத்தக்கூடியது. அடிப்பலகையின் நடுவே ஒரு பெரிய பித்தளை வளையம் சுழல்கிறது. முக்காலியின் மூன்று கால்களும் நேரே அதில் மாட்டும். அந்தச் சுழல்வளையம் 1890-களில் பரவலாகக் காணப்படுவது. கால எல்லை இங்கே கொஞ்சம் இறுகியது.

இந்த இடத்தில் ஒரு வாரம் தவறான பாதையில் போனேன். பக்கவாட்டுப் பித்தளைத் தாங்கிகளின் முனை ஓர் இலைபோல் வளைந்திருந்தது. அதே முனை ஒரு பழைய விலைப்பட்டியலின் மரச்செதுக்குப் படத்தில் கண்ணில்பட்டது. மகிழ்ச்சி தலைக்கேறியது, பெயரை எழுதியே விட்டேன். நான்கு நாள் கழித்து அதே இலைமுனை வேறொரு நிறுவனத்தின் பட்டியலில், பிறகு மூன்றாவதிலும் தென்பட்டது. பித்தளைப் பாகங்களை வெளியில் வாங்கிப் பொருத்திய பட்டறைகள் உண்டு. ஒரே படக்கட்டையைப் பல ஆண்டுகள் மாற்றாமல் அச்சிட்ட பட்டியல்களும் உண்டு. தாங்கி ஒத்துப்போனால் தாங்கி ஒத்துப்போனது என்று மட்டுமே பொருள். எழுதிய பெயரை அடித்தேன்.

மரம், பூச்சு, திருகாணி

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப்பில் மரத்தின் குறுக்குவெட்டுத் தெரியும் இடம் அடிப்பலகையின் ஓரம். துளைகள் சீராகச் சிதறியிருந்தன, சிலவற்றில் செம்பழுப்புப் பிசின் அடைத்திருந்தது. ஒளியைத் திருப்பினால் நாடாபோல் பட்டைகள் மின்னி மறைந்தன. இது மஹோகனி. தேக்காக இருந்திருந்தால் ஆண்டு வளையத்தின் ஓரம் பெரிய துளைகள் வரிசைகட்டி நிற்கும், தொட்டால் எண்ணெய்ப் பசை தெரியும். அமெரிக்கச் செர்ரியில் துளைகள் வெறும் கண்ணுக்குத் தெரியாது. இத்துடன் இந்தியத் தேக்குக் கேமரா என்ற கதவு சாத்திக்கொண்டது. ஜப்பானியப் பட்டறைகளின் வழக்கமான மரமும் இது அல்ல.

புறஊதா விளக்கில் உடல் முழுவதும் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. அரக்குப் பூச்சின் அடையாளம் அது. ஒரே ஓர் இடம் மட்டும் ஒளிராமல் இருண்டு கிடந்தது: இடதுபுறக் கீலைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு. அங்கே வேறு வார்னிஷ் பூசியிருக்கிறார்கள். அந்தக் கீலில் இருந்த இரண்டு திருகாணிகளின் தலையில் கூட்டல் குறி வெட்டு. ஃபிலிப்ஸ் திருகாணிக்குக் காப்புரிமை கிடைத்தது 1936-இல். மற்ற திருகாணிகள் அனைத்தும் ஒற்றைக் கோடு வெட்டிய பித்தளை. கோடு மெல்லியது, சிலவற்றில் மையம் விலகியும் இருந்தது. ஆக ஒருமுறை கீல் பெயர்ந்து, 1936-க்குப் பிறகு யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள். இது கேமராவின் வயதைச் சொல்லாது. அதன் வாழ்க்கையைச் சொல்கிறது.

முக்காலித் திருகின் மரையை வைத்து நாட்டைச் சொல்லிவிடலாம் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். கால் அங்குலத் திருகில் பிரிட்டனின் விட்வொர்த் மரையும் அங்குலத்துக்கு 20, அமெரிக்க மரையும் 20. மரையின் கோணத்தில்தான் வேறுபாடு: ஒன்று 55 பாகை, மற்றது 60. தேய்ந்த பித்தளையில் அந்த ஐந்து பாகையைக் கண்டுபிடித்ததாகச் சொல்பவரை நான் நம்ப மாட்டேன். அந்தச் சான்றை எடுத்துக்கொள்ளவே இல்லை.

நாற்பத்தேழு

பின்சட்டத்தைக் கழற்றி அதன் உள்விளிம்பைப் பார்த்தபோது 47 என்ற எண் கிடைத்தது. உளி முனையளவு சிறிய எண் அச்சால் மரத்தில் அடித்தது. 7-இன் கால் சற்று ஆழமாக இறங்கியிருந்தது. அடுத்து முன்சட்டத்தின் அடியில், அங்கும் 47. அடிப்பலகையின் உட்புறத்தில் 47. தேய்த்த கண்ணாடிச் சட்டத்தில் 47. எல்லா இடத்திலும் 7-இன் கால் அதே ஆழம்.

இப்படி ஓர் எண் கிடைத்தால் 'சீரியல் நம்பர் 47, ஆகவே மிக ஆரம்பகாலத்தது' என்று எழுதிவிடும் ஆசை எல்லாருக்கும் வரும். இது பெரும்பாலும் பட்டறையின் வேலைக் குறி. ஒரே வடிவத்தில் பல கேமராக்கள் ஒன்றாக உருவாகும்போது, இந்தக் கேமராவுக்கு இழைத்துப் பொருத்திய சட்டம் மற்றொன்றுக்குப் போய்விடாமல் இருக்க அடித்த எண். கையால் இழைத்துப் பொருத்தும் வேலையில் அரை மில்லிமீட்டர் வேறுபாடும் ஒளி கசிய வழி. அதனால் அந்த எண் தேதியைச் சொல்லாது. அதைவிட அருமையான ஒன்றைச் சொல்லும்: எந்தப் பாகம் எந்தப் பாகத்தோடு பிறந்தது.

ஹோல்டர்களைத் திறந்தேன். ஒன்றில் 47. இரண்டாவதிலும் 47. மூன்றாவதில் எண் இல்லை. அதன் கீலும் வேறு வடிவம். லென்ஸ் பலகையைத் திருப்பினேன். 12.

ஆக இந்தத் தொகுதியில் ஒரு குடும்பம் இருக்கிறது: உடல், முன்சட்டம், பின்சட்டம், கண்ணாடிச் சட்டம், இரண்டு ஹோல்டர்கள். மூன்றாவது ஹோல்டர் பிறகு வந்தது. லென்ஸ் பலகை வேறொரு கேமராவிலிருந்து வந்தது. அந்தப் பலகையோடு லென்ஸும் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம், ஏனெனில் பலகையில் வேறு லென்ஸ் ஏறிய பழைய திருகுத் துளைகள் இல்லை. ஷட்டர் மூன்றாம் வழியில் வந்து அட்டைப் பட்டையோடு ஒட்டிக்கொண்டது. துருத்தி அசலா என்று கேட்டால், ஒட்டுப்பசை ஓரிடத்தில் இரண்டு நிறமாகத் தெரிகிறது. பழுது பார்த்திருக்கிறார்கள், மாற்றவில்லை என்பது என் தீர்ப்பு.

இரண்டு துளைகள்

பெயரில்லாத கேமரா என்றுதான் இதுவரை எழுதி வந்தேன். ஒரு மாலையில் விளக்கை மேசை மட்டத்துக்குத் தாழ்த்தி, ஒளி மரத்தின் மேல் தவழும்படி வைத்துப் பின்சட்டத்தின் மேல்முகத்தைப் பார்த்தேன். கைப்பிடிக்குச் சற்றுக் கீழே, 28 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு ஊசித்துளைகள். பழைய அழுக்கும் அரக்கும் அடைத்து, மரத்தின் துளைகளோடு கலந்து நின்றன. அவற்றுக்கு இடையே நீள்வட்டமாக ஒரு நிற மாற்றம். சாய்ந்த ஒளியில் மட்டும் தெரிந்தது. விளக்கை உயர்த்தியதும் மறைந்தது.

அங்கே ஒரு சிறு பெயர்த்தகடு இருந்திருக்கிறது. பித்தளையோ, தந்தம்போன்ற வெள்ளைத் தகடோ, இரண்டு குண்டூசி ஆணிகளில் நின்றிருக்கிறது. தகடு மறைத்த இடத்தில் வெளிச்சம் படாததால் மரம் வேறு நிறமாகத் தங்கிவிட்டது. பாலிஷ் டப்பாவை நினைத்து எனக்கு உடல் சிலிர்த்தது. பித்தளையில் தொடங்கும் கை மரத்திலும் ஓடும். மணல்தாள் வேறு ஏறினால் அந்த நீள்வட்டம் அன்றோடு போயிருக்கும். பழைய கேமராவை எடுத்ததும் துடைத்துத் தேய்த்துப் புதிதாக்குவது பராமரிப்பு அல்ல, அழிப்பு. இதைக் கடுமையாகவே சொல்ல விரும்புகிறேன்.

தகடு கிடைத்திருந்தால் செய்தவர் பெயர் கிடைத்திருக்குமா? பெரும்பாலும் கிடைத்திருக்காது. அப்படிப்பட்ட நீள்வட்டத் தகடுகளில் பெரும்பாலும் இருப்பது விற்ற கடையின் பெயரும் தெருவும். பிரிட்டனில் கேமரா செய்தவர்களில் ஒரு பகுதியினர் தங்கள் பெயரைப் போடாமல் கடைக்காரர்களுக்கு மொத்தமாகச் செய்து கொடுத்தார்கள். மான்செஸ்டரின் ஜோஷுவா பில்கிளிஃப் அப்படிப் பிறருக்காகச் செய்தவர். அமெரிக்காவிலும் இதே கதைதான்: மின்னசோட்டாவின் ரோசெஸ்டரில் இருந்த கான்லி நிறுவனம் சியர்ஸ் நிறுவனத்துக்காகக் கேமராக்களைச் செய்தது, வாங்கியவர்கள் அறிந்த பெயர் சியர்ஸ். பெயர் இல்லாமல் வெளியே போவது அந்தத் தொழிலின் இயல்பு. யாரோ அழித்த ரகசியம் என்று அதைத் தேடிப் போவதில் பயனில்லை. 'பெயரில்லை' என்பதையே ஒரு சான்றாக எடுத்துக்கொண்டால், கேமரா நிற்கும் இடம் தெளிவாகிவிடுகிறது: கடைகளுக்காகச் செய்யும் பட்டறையின் பொருள்.

எழுதிக் கொடுத்தது

பெண்மணியிடம் நான் கொடுத்த தாளில் இருந்தது இவ்வளவுதான்: பிரிட்டிஷ் அரை பிளேட் மடிப்புக் கேமரா, உலர்தகட்டுக்கானது, ஹேர் வடிவ மரபு. மஹோகனி, பித்தளை, அரக்குப் பூச்சு. கடைகளுக்குச் செய்துகொடுத்த பட்டறையின் வேலை. கடையின் பெயர்த்தகடு இழந்தது. காலம் 1890-க்கும் 1910-க்கும் இடையே. வேலைக் குறி 47, உடலிலும் இரண்டு ஹோல்டர்களிலும். லென்ஸ் ரேபிட் ரெக்டிலீனியர் வகை, 8 அங்குலம், எஃப் 8, வேறொரு கேமராவிலிருந்து. ஷட்டர் தார்ன்டன்-பிக்கார்ட், 1891 அல்லது அதற்குப் பின், தனியாக வாங்கியது. இடது கீல் 1936-க்குப் பின் பழுது பார்க்கப்பட்டது.

1910 என்ற மேல் எல்லை ஏன் என்று கேட்டார். இந்தச் சாயலில் மரக் கேமராக்கள் அதன் பிறகும் செய்யப்பட்டன. ஆனால் இதன் மூலைகளில் புறாவின் வால்போல் விரிந்த பற்கள் கோக்கும் இணைப்புகள் ஒவ்வொன்றும் சற்றே வேறு வேறு கோணத்தில் கையால் வெட்டியவை, திருகாணிக் கோடுகள் மையம் விலகியவை, எங்கும் நிக்கல் பூச்சோ அலுமினியமோ இல்லை. 1920 என்று யாராவது வாதிட்டால் சண்டைக்குப் போக மாட்டேன். 1880 என்றால் போவேன்.

"செய்தவர் பெயர் இல்லாமலே இவ்வளவு சொல்ல முடிகிறதா!" என்றவர், பாலிஷ் டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

திருப்பிக் கொடுப்பதற்கு முந்திய இரவு பின்சட்டத்தை மறுபடி பொருத்த உட்கார்ந்தேன். திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு தாளில் குத்திவைத்திருந்தேன். ஒவ்வொன்றும் தன் துளைக்கே போக வேண்டும். கடைசித் திருகாணிக்கு முன்னால் சட்டத்தின் உட்புறத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தேன். வெளிச்சமே படாத பக்கம் அது, அரக்கும் பூசவில்லை, மரம் வெளிர் சிவப்பாகப் புதிதுபோல் இருந்தது. அதில் பென்சிலில் ஒரு சுழி, அதன் வால் விளிம்புவரை ஓடி அங்கே ஒரு சிறு கூம்புக் குறியைத் தொட்டது. இழைப்புளியால் முதல் முகத்தையும் முதல் விளிம்பையும் நேராக்கியதும், இனி எல்லா அளவும் இங்கிருந்துதான் என்று தச்சர்கள் போடும் குறி. ஒரே இழுப்பில், கையை எடுக்காமல் போட்டது. அதைப் படமெடுத்துக் கோப்பில் வைத்தேன், சட்டத்தை மூடினேன், கடைசித் திருகாணியை அதன் கோடு முன்பு நின்ற திசையிலேயே கொண்டுவந்து நிறுத்தினேன்.